அகராதியா? பழக்கமா?

நடுவர் பெருந்தகை அவர்களே! தலையணை கனத்துக்கு அகராதியைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே! என் அணித் தோழர்களே! தறியை நிறுத்திவிட்டு வந்து அமர்ந்திருக்கும் ஆரணிப் பெருமக்களே, தாய்மார்களே! வீட்டில் இருந்தபடி தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருக்கும் அன்பர்களே!

ஒருத்தருடைய குணத்தையும் கவர்ச்சியையும் ஆங்கிலத்தில் இயல்பாகச் சொல்லத் துணை நிற்பது அகராதியா, பழக்கமா? இதுதான் இன்றைய கேள்வி. பழக்கமே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

பட்டு நெய்யிற ஊர்ல இது என்ன தலைப்புன்னு சில பேர் கேட்கலாம். ஐயா, இந்த ஊரில்தான் இதைப் பேசணும். நம்ம ஊர்க் கடையில் ஒரு அம்மா வந்து, "சிவப்புல காட்டுங்க"ன்னு கேட்டா கடைக்காரர் என்ன பண்றார்? அரக்கு, குங்குமம், மாதுளை, மிளகாய்ப் பழம், வெங்காயத் தோல்னு எடுத்துப் போடுகிறார். அந்த அம்மாவும் விடறதில்லை. "இது கொஞ்சம் தூக்கலா இருக்கு, அது கொஞ்சம் மங்கலா இருக்கு"ன்னு இருபது சேலையைப் பிரிச்சுப் போட்டுட்டு இருபத்தோராவது சேலையை எடுக்கிறாங்க. அவ்வளவு நுட்பமான கண்ணு! அதே அம்மாகிட்ட, "உங்க மருமகள் எப்படி?"ன்னு ஆங்கிலத்தில் கேளுங்க. "நைஸ் கேர்ள்." காபி எப்படி? "நைஸ்." சினிமா? "நைஸ்." சேலைக்கு இருபது சிவப்பு, மனுஷனுக்கு ஒரே ஒரு நைஸ்! (சிரிப்பு)

அந்த நைஸ் எங்கிருந்து வந்தது தெரியுமா? அதன் வேர் லத்தீன் மொழியில் இருக்கிறது. அங்கே அதற்கு "அறியாதவன்" என்று பொருள். பழைய ஆங்கிலேயன் ஒருத்தனை நைஸ் என்று சொன்னால் அவன் முட்டாள் என்று அர்த்தம். அப்புறம் ஜனங்கள் வாயில் புரண்டு புரண்டு நல்லவன் ஆகிவிட்டான். நம்ம தமிழில் "நாற்றம்" என்றால் ஒரு காலத்தில் நறுமணம். இன்றைக்கு ஒரு வீட்டுக்குப் போய், "உங்க வீடு நாற்றமா இருக்கு"ன்னு சொல்லிப் பாருங்களேன்! பொருளை மாற்றியது யார்? அகராதி எழுதின புலவரா? இல்லை. பேசின ஜனங்கள். ஜனங்கள் முன்னால் நடக்கிறார்கள், அகராதி பின்னால் கணக்கு எழுதிக்கொண்டு வருகிறது.

எதிரணித் தோழி என்ன சொன்னாங்க? "தமிழ்ச் சொல்லுக்கு நேரான ஆங்கிலச் சொல்லை அகராதியில் பார், எடு, வை, முடிஞ்சுது"ன்னாங்க. எடுத்து வைத்துப் பார்ப்போமா?

நம்ம நாடு வெயில் நாடு. சித்திரை மாசத்து ஆரணி வெயில் உங்களுக்கே தெரியும். அதனால் நமக்கு நல்லதெல்லாம் குளிர்ச்சி. குளிர்ந்த முகம், குளிர்ந்த மனசு, "என் வயித்தைக் குளிர வெச்சே"ன்னு வாழ்த்துகிறோம். இதை அகராதி பார்த்து வார்த்தைக்கு வார்த்தை மாற்றினால் "கோல்டு ஹார்ட்" என்று வரும். ஆங்கிலத்தில் அது கல்நெஞ்சன்! அவன் குளிர் நாட்டுக்காரன். அவனுக்கு நல்லவன் என்றால் "வார்ம்", கதகதப்பானவன். நாம் "ஈர நெஞ்சம்" என்கிறோம். இங்கிலாந்தில் போய் ஒருத்தனை "வெட்" என்றால், துணிச்சல் இல்லாத சோப்ளாங்கி என்று பேர். வாழ்த்தப் போய் வசை பாடிவிட்டு வந்த கதையாகும்! (கைதட்டல்)

அடுத்தது "சிம்பிள்". ஒரு பெரிய மனிதர் எளிமையாக இருக்கிறார். நாம் பெருமையாக, "ஹி இஸ் வெரி சிம்பிள்" என்கிறோம். கேட்கிற ஆங்கிலேயர், "பாவம், அவருக்குப் புத்தி மட்டோ" என்று நினைக்கக்கூடும். எளிமையானவர் என்பதற்கு அவர்கள் புழங்குவது "டவுன் டு எர்த்". கால் தரையில் படிய நடக்கிறவர்.

அடுத்தது "பர்சனாலிட்டி". ஆறடி உயரம், அகல மார்பு, முறுக்கு மீசை இருந்தால் "ஆள் நல்ல பர்சனாலிட்டி"ன்னு சொல்றோம். ஆங்கிலத்தில் அந்தச் சொல் ஆளின் உள்ளே இருக்கிற குணத்தைச் சொல்வது. அதன் மூலச் சொல் "பெர்சோனா". லத்தீனில் நடிகன் போட்டுக்கொள்ளும் முகமூடி. தெருக்கூத்து பார்த்து வளர்ந்த இந்தச் சீமைக்கு வேஷத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. முகமூடியில் பிறந்த சொல், போகப் போக முகத்துக்குப் பின்னால் இருக்கிற மனுஷனைக் குறிக்க ஆரம்பித்தது. நாம் அதைத் திரும்ப இழுத்து மீசைக்கு மாட்டிவிட்டோம்!

பக்கத்திலே திருமலைக்குப் போய்ப் பாருங்கள். சோழ இளவரசி குந்தவையின் பேரால் அங்கே சமணக் கோயில் இருக்கிறது. மலையில் நேமிநாதர் ஓங்கி உயர்ந்து நிற்கிறார். அவரை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வீர்கள்? "டால்" என்றால் உயரம் மட்டும் வரும். "ஹாண்ட்சம்" என்றால் மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி இருக்கும். "ஸ்மார்ட்" என்று சொன்னால் அவரே சிரித்துவிடுவார். அவர் முகத்தில் இருப்பது அலையடங்கின குளத்து அமைதி. அதற்கு "சிரீன்" என்று ஒரு சொல் இருக்கிறது. அவர் நிற்கிற தோரணைக்கு "இம்போஸிங்" என்று இன்னொரு சொல். இரண்டும் சேர்ந்தால்தான் அவர். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம், இரண்டும் கலந்தால்தானே மயில் கழுத்து!

அகராதியில் "ஒல்லி"க்கு நேரே என்ன இருக்கு? ஸ்லிம், தின், ஸ்கின்னி, லீன். நாலும் வரிசையாக நிற்கும், நாலும் ஒண்ணு மாதிரி தெரியும். ஆனால் ஸ்லிம் பாராட்டு. தின் சும்மா தகவல். ஸ்கின்னி பெரும்பாலும் கிண்டல். லீன் என்றால் கொழுப்பில்லாத உறுதியான உடம்பு. எதிர்வீட்டு அக்காவை ஸ்லிம் என்றால் காபி கிடைக்கும். ஸ்கின்னி என்றால் கதவு சாத்தப்படும்! இந்த வித்தியாசத்தை எது சொல்லிக் கொடுக்கும்? எந்தச் சொல்லை யார், யாரைப் பார்த்து, எந்தக் குரலில் சொன்னார்கள் என்று கேட்டுக் கேட்டுப் பழகின காதுதான்.

சிரித்தது போதும். இதில் ஒரு பெண்ணின் வாழ்க்கையும் இருக்கிறது, கேளுங்கள். நம்ம நாட்டுக் கல்யாண விளம்பரங்களில் எத்தனையோ வருஷமாக வருகிற சொல் "ஹோம்லி". குடும்பப் பாங்கான பெண் என்று நாம் எழுதுகிறோம், நாம் புரிந்துகொள்கிறோம். அதில் குற்றமில்லை. இங்கிலாந்திலும் அதற்குப் பாந்தமான, வீட்டுக்கு இதமான என்கிற பொருள் உண்டு. ஆனால் அமெரிக்காவில் ஒரு பெண்ணை ஹோம்லி என்றால், பார்க்க லட்சணமில்லாதவள் என்று அர்த்தம்! அங்கேயே பிறந்து வளர்ந்த ஒரு பையனுக்கு இப்படி ஒரு கடிதம் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா ஆசையாக எழுதின ஒரே சொல், அந்தப் பெண்ணுடைய போட்டோவைக் கவரை விட்டு வெளியே எடுக்க விடாமல் செய்துவிடுமே!

"அகராதியிலேயே அமெரிக்கப் பொருள்னு போட்டிருக்கே"ன்னு எதிரணி முணுமுணுப்பது கேட்கிறது. போட்டிருக்கு, ஒத்துக்கறேன். ஆனா தெரிஞ்ச சொல்லை எவனய்யா அகராதியில் போய்ப் பார்க்கிறான்? தெரியாத சொல் நம்மை ஏமாத்தாது. தெரிஞ்ச மாதிரி இருக்கிற சொல்தான் ஏமாத்தும்!

அதே விளம்பரத்தில் "ஃபேர்", "வீட்டிஷ்" என்று நிறம் பற்றியும் எழுதுகிறோம். சேலைக்கு நிறம் பார்க்கலாம், பெண்ணுக்கு எதற்கு? 2020ஆம் வருஷம் ஒரு பெரிய கல்யாண இணையதளம், ஷாதி டாட் காம், தோல் நிறத்தை வைத்து வரன் தேடும் வசதியை எடுத்துவிட்டது. அதே வருஷம் "ஃபேர் அண்ட் லவ்லி" களிம்பு, "ஃபேர்" என்கிற சொல்லைக் கழற்றிவிட்டு "க்ளோ அண்ட் லவ்லி" ஆனது. அகராதியில் ஃபேர் என்பதற்குப் பொருள் மாறவில்லை. ஜனங்கள் காதில் அது உறுத்த ஆரம்பித்தது, அதனால் பேர் மாறியது. இதுவும் பழக்கத்தின் பலம்தான்.

இன்னொன்று, இது நம்ம பிள்ளைகள் பிழைப்பைப் பற்றியது. தறிக்காரர் வீட்டுப் பெண். குடும்பத்தில் முதல் பட்டதாரி. வேலைக்கு நேர்காணல். "உன்னைப் பற்றிச் சொல்லும்மா" என்று ஆங்கிலத்தில் கேட்கிறார்கள். "ஐ ஆம் சின்சியர், ஹானஸ்ட், ஹார்ட்வொர்க்கிங், பங்ச்சுவல்" என்று மனப்பாடம் பண்ணினதை ஒப்பிக்கிறாள். நாலும் நல்ல சொல்தான். ஆனால் அவளுக்கு முன்னால் வந்த முப்பது பேரும் அதே நாலைச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அந்த நாலு சொல்லுக்குள் அவள் எங்கே இருக்கிறாள்?

அதற்குப் பதில் அவள், "தினமும் காலேஜ் விட்டு வந்து அப்பாவுக்குத் தார் சுற்றிக் கொடுப்பேன். அப்புறம்தான் படிப்பு. மூணு வருஷத்தில் ஒரு நாளும் வகுப்புக்குத் தாமதமாகப் போனதில்லை" என்று சின்னச் சின்ன ஆங்கிலத்தில் சொல்லட்டும். ஹார்ட்வொர்க்கிங் என்று அவள் சொல்ல வேண்டாம், கேட்கிறவர் மனசுக்குள் சொல்லிக்கொள்வார். ஆங்கிலம் பேசுகிற ஜனங்கள் தங்களுக்குள் ஒருவரைப் பாராட்டும்போது இப்படித்தான் பேசுகிறார்கள். கவர்ச்சியானவர் என்று பெரிய சொல்லைத் தேட மாட்டார்கள். "ஈஸி டு டாக் டு" என்பார்கள், பேசிப் பழக எளிதானவர். "குட் கம்பெனி" என்பார்கள், கூட இருந்தால் பொழுது போவதே தெரியாது. "ஹி கீப்ஸ் ஹிஸ் வேர்ட்" என்பார்கள், சொன்ன சொல் தவறாதவர். இதில் எந்தச் சொல்லுக்கு அகராதி வேண்டும்? ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரிந்த சொற்கள்தானே!

நடுவர் அவர்களே, மணி அடிக்கப் போகிறீர்கள், தெரிகிறது. முடித்துவிடுகிறேன்.

அகராதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அகராதி நூல் கடை. அங்கே எல்லா நிறத்திலும் நூல் கிடைக்கும். நூல் வாங்கி வந்தவரெல்லாம் நெசவாளி ஆகிவிட முடியுமா? எந்த நூலை எதோடு சேர்த்தால் எடுபடும் என்று தறியில் உட்கார்ந்து பழகின கைக்குத்தான் தெரியும். அதனால் ஒருத்தரைப் பற்றி ஆங்கிலத்தில் சொல்லுமுன் மூன்றே மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். கேட்கப் போகிறவர் எந்த ஊர்க்காரர்? இந்தச் சொல்லை யாரைப் பார்த்துச் சொல்ல நான் கேட்டிருக்கிறேன்? இதற்கு ஆதாரமாக அந்த மனுஷர் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல முடியுமா? மூன்றுக்கும் விடை இருந்தால் தைரியமாகச் சொல்லுங்கள்.

கனத்த ஜரிகைச் சேலை முகூர்த்தத்துக்கு. அன்றாடம் கட்டிக்கொள்ள எடை குறைந்த பட்டு என்று பேர் வாங்கியது நம்ம ஆரணிப் பட்டு. சொல்லும் அப்படித்தான். மனிதரோடு மனிதராகப் பேசும்போது எடை குறைந்த சொல்லே அழகு. அந்தச் சொல் பழக்கத்தில்தான் கிடைக்கும். ஆகவே பழக்கமே, பழக்கமே என்று தீர்ப்பு வழங்க வேண்டுமாய் நடுவரைக் கேட்டுக்கொள்கிறேன். (பலத்த கைதட்டல்)