சாவி சட்டைப்பையில் இருக்கட்டும்

(திருச்சிராப்பள்ளியில் கூடிய ஆதரவாளர் கூட்டத்தில் நம் மருத்துவமனை சாப்ளின் ஐயா ஆற்றிய உரை)



ஆஸ்பத்திரி சாப்ளின் மோட்டார் சைக்கிள் சக்கரம் துடைப்பதைப் பற்றிப் பேசப் போகிறார் என்றதும் சிலர் முகத்தில் புன்னகையைக் கண்டேன். "இன்றைக்கு வேதபாடம் கிடையாதா ஐயா?" என்று ஒரு தாயார் கேட்டார்கள். இருக்கிறது அம்மா. உபாகமம் 22ஆம் அதிகாரத்தில், புது வீடு கட்டுகிறவன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் கட்டவேண்டும் என்று ஒரு கட்டளை உண்டு. யாரும் தவறி விழுந்துவிடக் கூடாது என்பதற்காக அது. விழுந்தவனைத் தூக்கி எடுப்பதைப் பற்றி நாம் அடிக்கடி பிரசங்கிக்கிறோம். விழுமுன்னே தடுப்பதும் தேவ கட்டளையே. அந்தக் கட்டளையை இன்று சக்கரத்துக்குப் பொருத்திப் பார்ப்போம்.

திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் வண்டி இல்லாத வீடு அபூர்வம். துவாக்குடிக்கும் பொன்மலைக்கும் வேலைக்குப் போகிறவர், காவிரிப் பாலம் கடந்து கல்லூரிக்குப் போகிற பிள்ளை, விடியுமுன்னே பூக்கூடை ஏற்றிவருகிற வியாபாரி, எல்லாருக்கும் அதுதான் கால். ஐப்பசி மழையில் தெருச்சேறும் மணலும் செயினில் அப்பிக்கொள்ளும். ஆயுத பூஜைக்கு முந்தின நாளும், கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரமும், சாதாரண ஞாயிற்றுக்கிழமை மாலையும் தெருத்தெருவாக வண்டி துடைக்கிறார்கள். நல்ல பழக்கம்தான். துடைக்காத செயின் சீக்கிரம் தேயும், அறுந்தும் போகும். ஆனால் துடைக்கும் விதத்தில் ஒரு பொல்லாத பழக்கம் நுழைந்திருக்கிறது.

வண்டியை டபுள் ஸ்டாண்டில் நிறுத்துகிறார்கள். இஞ்சினை ஸ்டார்ட் செய்து கியரில் போடுகிறார்கள். பின்சக்கரம் அந்தரத்தில் தானாகச் சுற்றுகிறது. சுற்றுகிற செயின்மேல் பனியன் வேஸ்ட் துணியைப் பிடித்தால் அழுக்கு ஒரு நிமிஷத்தில் போய்விடும் என்று நினைக்கிறார்கள். துணியின் ஒரு நூல் செயினில் மாட்டுகிறது. துணி உள்ளே போகிறது. துணியைச் சுற்றிப் பிடித்திருந்த விரல்களும் அதோடு பல்சக்கரத்துக்குள் போகின்றன.

கட்டிலருகே உட்கார்ந்து கேட்கும்போது இவர்கள் சொல்வது ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். "ஐயா, எப்போதும் இப்படித்தான் துடைப்பேன். கையை எடுத்துவிடலாம் என்று இருந்தேன்." எடுக்க முடியாது, தம்பிமாரே. ஒரு சிறு கணக்குச் சொல்கிறேன். 100 சி.சி., 125 சி.சி. வண்டியில், முதல் கியரில், ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் விட்டாலும் செயின் ஒரு விநாடிக்கு ஏறக்குறைய ஒரு முழம் ஓடும். மேல் கியரில் அதைப்போல் மூன்று பங்கு ஓடும். ஆபத்தைக் கண் கண்டு, மூளை அறிந்து, கை அசையத் தொடங்கவே சுமார் கால் விநாடி ஆகும். அதற்குள் முதல் கியரிலேயே நான்கு அங்குலம் செயின் உள்ளே போயிருக்கும். நம் விரலின் நீளமே அவ்வளவுதான்.

விரல் என்றால் இந்த ஊருக்கு என்னவென்று உங்களுக்குத் தெரியும். செயற்கை வைரக் கல்லுக்குப் பட்டை தீட்டுகிறவனுக்குப் பெருவிரலும் சுட்டுவிரலும்தான் முதலீடு. உறையூர்த் தறியில் அறுந்த இழையை முடிகிறவருக்கும், ஸ்ரீரங்கத்தில் பூக்கட்டுகிற அம்மாவுக்கும், பொன்மலை ஒர்க்ஷாப்பில் ஃபிட்டராக இருக்கிறவருக்கும் அப்படியே. இரண்டு கணு குறைந்தால் வீட்டில் உலை வைப்பதே கடினமாகிவிடும். கல்யாணம் பேசி வைத்திருக்கிற பையன், கட்டுப்போட்ட கையைப் போர்வைக்குள் மறைத்துக்கொண்டு, "பெண் வீட்டாருக்கு என்ன சொல்வது ஐயா?" என்று கேட்டால், அந்தக் கேள்விக்கு மருந்து அலமாரியில் பதில் இல்லை.

ஆகையால் சரியான முறையைச் சொல்கிறேன். வீட்டில் உள்ள பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

முதலாவது, இஞ்சினை அணையுங்கள். சாவியை உருவிச் சட்டைப்பையில் போடுங்கள். வண்டி நியூட்ரலில் இருக்கட்டும். ஓட்டிவந்த உடனே தொடாமல் சைலன்சரும் பிரேக் டிஸ்க்கும் ஆறட்டும். மோதிரம், கைக்கயிறு, தொங்குகிற துண்டு, தாவணி, துப்பட்டா எதுவும் சக்கரத்தருகே வரக்கூடாது.

இரண்டாவது, சமதரையில் டபுள் ஸ்டாண்டு போட்டு, சக்கரத்தை டயரைப் பிடித்துக் கையால் திருப்புங்கள். கொஞ்சம் திருப்பி நிறுத்துங்கள். நின்ற செயினைத் துடையுங்கள். மறுபடி கொஞ்சம் திருப்புங்கள். திருப்பும்போது துடைக்கவேண்டாம், துடைக்கும்போது திருப்பவேண்டாம். கையால் வேகமாகச் சுழற்றிவிட்ட சக்கரமும் விரலை வெட்டும். துணியைவிட நீண்ட பிடியுள்ள பிரஷ் நல்லது. செயினின் கீழ்ப்பகுதியின் நடுவில், பல்சக்கரத்துக்குத் தூரமாக வேலை செய்யுங்கள். சக்கரத்தைப் பின்னோக்கித் திருப்பினால் கீழ்ச்செயின் பின்பல்சக்கரத்தைவிட்டு விலகி வரும். முன்னோக்கித் திருப்பினால் அதற்குள் போகும். டபுள் ஸ்டாண்டு இல்லாத வண்டியானால், கொஞ்சம் தள்ளி நிறுத்தி, அந்த அளவுக்குத் துடைத்து, மறுபடி தள்ளுங்கள். கால் மணி நேரம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

மூன்றாவது, சிறு பிள்ளைகளைத் தூர நிறுத்துங்கள். அண்ணன் சக்கரத்தைச் சுற்ற, தம்பி பல்சக்கரத்தில் விரலை வைத்துப் பார்ப்பான். அது அவன் வயது. பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் நாம்.

இன்னும் சில சொல்லிவிடுகிறேன். மண்ணெண்ணெய் கொண்டு துடைக்கிறவர்கள் திறந்த வெளியில், பீடி, சிகரெட், அடுப்பு இல்லாத இடத்தில் செய்யுங்கள். பெட்ரோல் வேண்டவே வேண்டாம். எண்ணெய், பாலிஷ் எதுவும் டிஸ்க்கிலோ, பிரேக் ஷூவிலோ, டயர் தரையில் படும் பாகத்திலோ படக்கூடாது. பட்டால் அடுத்த திருப்பத்தில் வண்டி நிற்காது, அல்லது வழுக்கும். பிரேக் டிரம்மைத் திறந்தால் உள்ளிருக்கும் தூளை வாயால் ஊதாதீர்கள், காற்றடிக்கும் குழாயாலும் ஊதாதீர்கள். பழைய பிரேக் ஷூக்கள் பலவற்றில் கல்நார் கலந்திருக்கிறது. அந்தத் தூள் நுரையீரலுக்கு விரோதி. ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். வேலை முடிந்ததும், ஓட்டுமுன் பிரேக்கைப் பிடித்துப் பாருங்கள். கழுவின எண்ணெய்த் தண்ணீரைக் காவிரியிலோ கொள்ளிடத்திலோ விடாதீர்கள். நாம் குடிக்கிற தண்ணீர் அது.

கைப்பிடிச்சுவரைச் சொன்னேனே, வண்டிக்கும் அது உண்டு. செயின் கவர் ஒன்று. பின்சக்கரத்தை மறைக்கும் சேலை கார்டு மற்றொன்று. பின்னால் உட்காருகிறவரின் உடை சக்கரத்தில் சிக்காதபடி சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைப்பு இருக்கவேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளே சொல்கின்றன. சுத்தம் செய்யக் கழற்றுகிறோம். "பார்க்க நன்றாயில்லை" என்று மாட்டாமலே விடுகிறோம். பிறகு ஆலயத்துக்கு வரும் வழியில் தாயாரின் முந்தானையோ, பிள்ளையின் பாதமோ ஸ்போக்ஸ் கம்பிக்குள் போகிறது. கழற்றினவர் அன்றைக்கே மாட்டிவிடுங்கள்.

ஒருவேளை விபத்து நேர்ந்துவிட்டால் என்ன செய்வது? இஞ்சினை உடனே அணையுங்கள். சிக்கின கையைப் பிடித்து இழுக்காதீர்கள். சக்கரத்தைக் கையால் மெல்லப் பின்னோக்கித் திருப்பி விடுவியுங்கள். முடியாவிட்டால் மெக்கானிக்கைக் கூப்பிட்டுச் செயினைக் கழற்றுங்கள். சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வையுங்கள். மஞ்சள்தூள், காப்பித்தூள், கிரீஸ் எதையும் அப்பவேண்டாம். துண்டான விரல் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். சுத்தமான தண்ணீரில் மெதுவாக அலசி, நனைத்துப் பிழிந்த சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு வாய் கட்டி, அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வையுங்கள். விரல் நேராக ஐஸில் படக்கூடாது, தண்ணீரில் ஊறவும் கூடாது. 108ஐக் கூப்பிடுங்கள். செயினில் நசுங்கின விரலைத் திரும்பப் பொருத்துவது பல நேரங்களில் இயலாது. ஆனாலும் அதை டாக்டர் தீர்மானிக்கட்டும்.

திருச்சிக்கு வடக்கே உள்ள கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்கு 1914இல் பிறந்தவர் டாக்டர் பால் பிராண்ட். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயால் மடங்கிப்போன கைகளை அறுவை சிகிச்சையால் விரியச் செய்தவர். உலகம் அவருடைய கத்தியைப் புகழ்ந்தது. அவரோ கத்தியோடு நிற்கவில்லை. குணமாகிப் போனவர்களின் விரல்கள் ஏன் மறுபடி குறைகின்றன என்று ஆராய்ந்தார். உணர்வற்ற கையில் அன்றாடம் படுகிற காயமும், அதில் புகுகிற தொற்றுமே காரணம் என்று கண்டார். அதனால் ஒவ்வொரு காயமும் எங்கே, எந்தக் கருவியால் வந்தது என்று விசாரித்து, கருவியின் பிடியையும் பிடிக்கும் முறையையும் மாற்றினார். நல்ல வைத்தியன் காயத்தைக் கட்டுவதோடு காயம் வந்த வழியையும் அடைக்கிறான்.

பிரியமானவர்களே, நீங்கள் அனுப்புகிற காணிக்கை எத்தனையோ கைகளுக்குத் தையலும் கட்டுமாக மாறுகிறது. அதற்காகத் தேவனை ஸ்தோத்திரிக்கிறேன். எங்கள் டாக்டர்களிடம் கேட்டுப் பாருங்கள். இந்த ஒரு வகைக் காயம் வாசலுக்கு வராமற்போனால் அவர்களைவிடச் சந்தோஷப்படுகிறவர் யாருமில்லை. அதற்குக் காசு வேண்டாம். இந்த வாரம் உங்கள் தெருவில் இஞ்சின் ஓட, துணியும் கையுமாகச் சக்கரத்தருகே யாராவது குனிந்திருந்தால், "தம்பி, இஞ்சினை அணைத்துவிட்டுத் துடையப்பா" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவன் எந்த மதத்தான், எந்தத் தெருவான் என்று பார்க்கவேண்டாம். கொஞ்சம் முறைத்துப் பார்ப்பான். பார்க்கட்டும். பத்து விரலும் பத்திரமாக இருக்கும்.

கர்த்தர் உங்கள் கைகளின் பிரயாசத்தை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.