பார்க்கின்சன் நோயும் மனச்சோர்வும்: நாங்கள் கேட்க மறக்கும் கேள்விகள்

(சங்கத்தின் நூற்றாண்டையொட்டிக் கல்லூரி மண்டபத்தில் நடைபெற்ற உடல்நலக் கருத்தமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மண்டபத்தில் நான் கடைசியாகப் பேசியது உயர்தர வகுப்பில், ஒரு விவாதப் போட்டியில். அன்று தோற்றுப்போனோம். இன்று எதிரணி இல்லாதபடியால் கொஞ்சம் துணிவோடு வந்திருக்கிறேன்.

முதுமையில் வரும் நோய்கள் பற்றிப் பேசும்படி சங்கத்தார் கேட்டார்கள். அதில் ஒரு நோயை, அதிலும் அந்த நோயின் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்திருக்கிறேன். காரணம், எங்கள் ரீச்சர் ஒருவர். அவருடைய அனுமதியோடுதான் சொல்கிறேன். பெயர் சொல்லமாட்டேன், எந்தப் பாடம் படிப்பித்தவர் என்றும் சொல்லமாட்டேன். சொன்னால் முன்வரிசையில் இருப்பவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

1995 ஒக்ரோபர் இடப்பெயர்வின் பின், தென்மராட்சியில் ஒரு வீட்டு விறாந்தையில் எங்களில் பத்துப் பன்னிரண்டு பேரை இருத்திப் பாடம் சொல்லித் தந்தவர் அவர். இரவில் ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் எங்கள் கொப்பிகளைத் திருத்தினார். பல வருடங்களுக்குப் பிறகு அவர் என் கிளினிக்குக்கு வந்தார். வலது கையில் நடுக்கம். நடை தளர்ந்திருந்தது. முத்துமுத்தான கையெழுத்து எறும்பு ஊர்ந்ததுபோலச் சிறுத்துவிட்டது. பார்க்கின்சன் நோய் என்று உறுதியாகி, மருந்து தொடங்கினோம்.

நடுக்கம் குறைந்தது. ஒவ்வொரு தடவையும் கையை நீட்டச் சொன்னேன், விரல்களைத் தட்டச் சொன்னேன், எழுந்து நடக்கச் சொன்னேன். "நல்ல முன்னேற்றம் ரீச்சர்" என்றேன். கூட வந்த மருமகள் ஒருநாள், "மாமி இப்ப ஒருத்தரோடையும் கதைக்கிறதில்லை, கோயிலுக்கும் வாறதில்லை" என்றார். "வயசு போகுதுதானே" என்று பதில் சொன்னேன். அதைச் சொன்னது ஒரு வைத்தியர் என்பதைக் கவனியுங்கள்.

நான்காவது தடவை நான் மருந்து எழுதிக்கொண்டிருந்தபோது ரீச்சர் மெல்லிய குரலில் சொன்னார்: "பிள்ளை, நீர் ஒவ்வொருமுறையும் என்ர கையைத்தான் விசாரிக்கிறீர். என்னை ஒருக்காலும் விசாரிக்கேல்லை."

பேனையை வைத்துவிட்டேன். அன்று அரை மணித்தியாலம் கதைத்தோம். ஒன்றரை வருடமாக அவர் விடிய மூன்று மணிக்கு விழித்து, இன்னும் ஏன் இருக்கிறேன் என்று நினைத்தபடி கிடந்திருக்கிறார். என் குறிப்புகளில் மூன்று தடவையும் 'முன்னேற்றம்' என்றே எழுதியிருக்கிறது.

1817 இல் இங்கிலாந்தில் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற வைத்தியர், ஆறு பேரை அவதானித்து இந்த நோய் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அந்த ஆறு பேரில் சிலரை அவர் தெருவில் கண்டுதான் கவனித்தார். புலன்களும் அறிவும் இந்நோயால் கெடுவதில்லை என்று அவர் கருதினார். ஆனால் மலச்சிக்கலையும் நித்திரைக் குழப்பத்தையும் எச்சில் வடிவதையும் அதே நூலில் குறித்து வைத்தார். பின்வந்த நாங்கள் நெடுங்காலம் நடுக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் ஊரில் இதை நடுக்குவாதம் என்கிறோம். அந்தப் பெயரே எங்கள் கண்ணை நடுக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது. நடுக்கமே இல்லாத பார்க்கின்சன் நோயாளர்களும் இருக்கிறார்கள்.

நடுமூளையில் கரிய நிறமான ஒரு சிறு பகுதி உண்டு. அங்குள்ள கலங்கள் டோபமைன் என்ற இரசாயனத்தைச் சுரக்கின்றன. உடல் அசைவில் தடுமாற்றம் வெளியே தெரியவரும்போது அந்தக் கலங்களில் ஏறத்தாழ அரைவாசியோ அதற்கு மேலோ அழிந்திருக்கும். டோபமைன் அசைவுக்கு வேண்டியது. ஊக்கத்துக்கும் மகிழ்ச்சிக்கும்கூட வேண்டியது. மனநிலையோடு தொடர்புள்ள செரட்டோனின், நோர்அட்ரினலின் ஆகியவற்றைச் சுரக்கும் கலங்களும் இந்த நோயில் பாதிக்கப்படுகின்றன. ஆகவே மனச்சோர்வை, நோய் வந்துவிட்டதே என்ற கவலை என்று ஒதுக்கிவிட முடியாது. அது நோயின் ஓர் அங்கம். சிலருக்கு நடுக்கம் தொடங்குவதற்குச் சில வருடங்கள் முன்னரே வந்துவிடுகிறது.

அப்படி முந்தி வரக்கூடியவை வேறும் உண்டு. மணம் தெரியாமல் போவது ஒன்று: குழம்பு அடிப்பிடிப்பதை மற்றவர்கள் சொல்லித்தான் அறிவார்கள். நீண்டநாள் மலச்சிக்கல் இன்னொன்று. கனவில் நடப்பதைப் படுக்கையில் நடித்துக் காட்டுவதுபோலக் கத்துவது, கையைக் காலை வீசுவது மற்றொன்று. இவற்றில் ஒன்று இருப்பதால் பார்க்கின்சன் வரப்போகிறது என்று யாரும் பயப்பட வேண்டாம். மலச்சிக்கல் இல்லாத வீடு எது?

நோய் வந்தபின் எழும்பும்போது இரத்த அழுத்தம் குறைந்து தலைசுற்றி விழலாம். இரவில் பலமுறை சலம் கழிக்க எழும்ப நேரிடும். தோள்மூட்டு வலி, தீராத களைப்பு, எச்சில் வடிதல் என்பன வரலாம். காலப்போக்கில் சிலருக்கு இல்லாத ஆட்கள் தெரிவதும் ஞாபகக் குறைவும் ஏற்படலாம். "அறைக்குள்ள ஒரு சின்னப்பிள்ளை நிக்குது" என்று ஒருவர் சொன்னால், பேய் பார்ப்பதற்கு முன் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

மனச்சோர்வுக்கு வருவோம். பார்க்கின்சன் உள்ளவர்களில் மூன்றில் ஒருவருக்காவது கவனிக்க வேண்டிய அளவில் மனச்சோர்வு அறிகுறிகள் உண்டு. அதேயளவு பேருக்குப் பதகளிப்பும் உண்டு. இவ்வளவு பேருக்கு இருந்தும் ஏன் தவறவிடுகிறோம்?

முதற் காரணம் முகம். இந்த நோயில் முகத்தின் அசைவு குறைந்துவிடும். கண் இமைப்பது குறையும், குரல் தணியும். உள்ளே சந்தோசமாக இருப்பவரும் வெளியே துக்கமாகத் தெரிவார். உண்மையாகவே துக்கத்தில் இருப்பவரைப் பார்த்து, "அது வருத்தத்தின்ர முகம்" என்று விட்டுவிடுவோம். இரண்டு பக்கமும் பிழைவிடுகிறோம். இந்த மலரைக் கனடாவிலோ லண்டனிலோ அவுஸ்திரேலியாவிலோ இருந்து வாசிக்கப்போகும் சகோதரிகளுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். வீடியோ அழைப்பில் அம்மா சிரிக்கவில்லை என்றால் அவருக்கு உங்களில் கோபம் என்று முடிவெடுக்காதீர்கள். முகத்தைப் பார்த்துத் தீர்மானிக்காமல் வாயால் கேளுங்கள். கேட்டபின் பொறுத்திருங்கள். அவருக்குப் பதில் சொல்லக் கொஞ்ச நேரம் எடுக்கும். அந்த நேரத்துக்குள் நாங்கள் அடுத்த கதைக்குப் போய்விடுகிறோம்.

இரண்டாவது காரணம், அறிகுறிகள் ஒன்றோடொன்று கலந்து கிடப்பது. நித்திரையின்மை, களைப்பு, பசியின்மை, மெதுவான பேச்சு ஆகியன பார்க்கின்சனிலும் வரும், மனச்சோர்விலும் வரும். போதாததற்கு, துக்கமும் இல்லாமல் ஆர்வமும் இல்லாமல் இருக்கும் ஊக்கமின்மை என்ற தனி நிலையும் இந்நோயில் உண்டு. அதைச் சோம்பல் என்று ஏசுகிறோம். வேறு சிலருக்கு அடுத்த குளிசைக்கு நேரம் நெருங்க நெருங்கப் பதகளிப்பு ஏறும்; குளிசை வேலை செய்யத் தொடங்கியதும் அடங்கும். எத்தனை மணிக்கு மனம் குழம்புகிறது என்று ஒரு கொப்பியில் எழுதி வந்தால் வைத்தியருக்குப் பெரிய உதவி.

மூன்றாவது காரணம் நாங்கள். கலியாண வீட்டில் தேத்தண்ணிக் கோப்பை கையில் ஆடும் என்ற வெட்கத்தில் ஒரு பெண் வெளியே போவதை நிறுத்துகிறா. "பெருமை பிடிச்சவ" என்கிறோம். போரும் இடப்பெயர்வும் பிள்ளைகளின் பிரிவும் கண்ட தலைமுறை இது. துக்கத்துக்குக் காரணம் தேடினால் எந்த வீட்டிலும் கிடைக்கும். காரணம் கிடைத்ததும் மருத்துவம் தேவையில்லை என்று நினைத்துவிடுகிறோம்.

ஆகவே நேரே கேளுங்கள். "முந்தி விருப்பமாச் செய்ததெல்லாம் இப்பவும் விருப்பமா இருக்கா? நித்திரை எப்படி? இருந்து என்ன பலன் எண்டு எப்பவாவது நினைக்கிறீங்களா?" கடைசிக் கேள்வியைக் கேட்பதால் அந்த எண்ணத்தை நாங்கள் விதைத்துவிடமாட்டோம். பலருக்கு அது ஒரு பாரம் இறங்கும் நேரம். ஆம் என்று பதில் வந்தால் அவரைத் தனியே விடாமல் அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள். இலங்கையில் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

சிகிச்சை உண்டு. முதலில் பார்க்கின்சன் மருந்தின் அளவையும் நேரத்தையும் சரிசெய்வோம். தேவைப்பட்டால் மனச்சோர்வுக்கான மருந்து கொடுப்போம். அது வேலை செய்யச் சில வாரங்கள் எடுக்கும். உளவளத்துணையும் ஒழுங்கான உடற்பயிற்சியும் உதவும். சில விடயங்களை மட்டும் மனதில் வைத்திருங்கள். பார்க்கின்சன் மருந்தைத் திடீரென நிறுத்தக்கூடாது. சத்திக்குக் கொடுக்கும் மெற்றோகுளோப்பிரமைட், புறோகுளோர்பெரசின் போன்றவையும் மனக்குழப்பத்துக்குக் கொடுக்கும் ஹலோபெரிடோலும் இந்த நோயைக் கூட்டும். எந்த வைத்தியரிடம் போனாலும் பார்க்கின்சன் இருப்பதை முதலில் சொல்லுங்கள். பூனைக்காலி விதையில் லெவோடோபா இருப்பது உண்மை. அதனாலேயே அதைத் தெரியாமல் குளிசையோடு சேர்த்து எடுப்பது ஆபத்து. டோபமைனைப்போலச் செயற்படும் சில மருந்துகளால் அளவுமீறிச் சாமான் வாங்குவது, சூதாடுவது போன்ற அடக்க முடியாத ஆசைகள் வரலாம். அது குணக்கேடு அல்ல, மருந்தின் விளைவு. சொன்னால் மாற்றிக் கொடுக்கலாம்.

பராமரிப்பவர்களையும் மறக்காதீர்கள். அந்த மருமகளிடம் "நீர் நித்திரை கொள்ளுறீரா?" என்று கேட்டதும் அவர் கண் கலங்கினார். அவரையும் யாரும் விசாரிக்கவில்லை.

ரீச்சர் குணமாகிவிட்டார் என்று சொல்லமாட்டேன். பார்க்கின்சனை முற்றாகக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. நடை இப்போதும் மெதுவாகத்தான். ஆனால் சிகிச்சை தொடங்கி மூன்றாம் மாதம் வந்தபோது, கிளினிக் சுவரில் நாங்கள் ஒட்டியிருந்த அறிவித்தலைப் பார்த்து, "பிள்ளை, அதில ஒரு எழுத்துப்பிழை கிடக்கு" என்றார். தமிழ் ரீச்சர் என்று ஊகிக்க வேண்டாம். எங்கள் கல்லூரியில் பிழை பிடிக்காத ரீச்சர் யார்? அன்று என் குறிப்பில் மீண்டும் 'முன்னேற்றம்' என்று எழுதினேன். இம்முறை கையைப் பார்க்க முன்னரே எழுதினேன்.

எங்களுக்குப் படிப்பித்த பலர் இன்று வீடுகளுக்குள் தனித்து இருக்கிறார்கள். நூற்றாண்டு கொண்டாடும் சங்கத்துக்கு நான் வைக்கும் ஒரே வேண்டுகோள்: உங்கள் ரீச்சர் ஒருவரை இந்த மாதம் போய்ப் பாருங்கள், முடியாவிட்டால் தொலைபேசியில் அழையுங்கள். வருத்தத்தை விசாரித்த பிறகு அவரையும் விசாரியுங்கள். பதில் வரும்வரை காத்திருங்கள்.