டயர் ஏன் ஒருபுறம் தேய்கிறது?

மோட்டார் சைக்கிளின் முன் டயர், தான் ஓடிய ஓட்டத்தையெல்லாம் தன் மேனியிலேயே எழுதி வைத்துக்கொள்கிறது. அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர், வண்டியைப் பிரிக்காமலேயே அதன் குறை எங்கே இருக்கிறது என்பதைப் பெரும்பாலும் அறிந்துவிடலாம். மாணவ நண்பர்களுக்கு அந்தப் படிப்பைப் பற்றியே இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

இதனை அறிந்து வைத்திருப்பதால் பணம் மிச்சமாகும். அதனினும் மேலாக, உயிருக்குக் காப்பாகும். பிரேக் பிடிக்கும்பொழுது வண்டியின் பாரமும் ஓட்டுபவரின் பாரமும் முன்புறமாகச் சாய்கின்றன. ஆகவே வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் டயருக்கே உரியது. பின்சக்கரம் வழுக்கினால் தேர்ந்தவர் சமாளித்துக்கொள்வதுண்டு. முன்சக்கரம் வழுக்கினால் அதற்கு அவகாசம் கிடைப்பது அரிது.

சிறு குறைதானே என்று நாம் எண்ணுவது எவ்வளவு விரைவில் பெருங்குறையாகிறது என்பதை ஒரு கணக்கினால் காணலாம். 19 அங்குல ரிம்மில் பொருத்திய டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2 மீட்டர். எனவே ஒரு கிலோமீட்டர் செல்வதற்குள் அது சுமார் 500 முறை சுழல்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் வினாடிக்கு 8 சுழற்சிகள். ஒவ்வொரு சுழற்சியிலும் ஒரே இடம் சற்று அழுத்தமாகத் தரையில் உராயுமானால், சில ஆயிரம் கிலோமீட்டரில் அவ்விடம் பள்ளமாவதில் வியப்பென்ன?

சரி, ஆராய்ச்சியை எங்கே தொடங்குவது? முதலில் டயரைக் கழுவித் துடையுங்கள். காற்றடிக்கும் வால்வுக்கு நேரே சாக்கட்டியால் ஒரு கோடிட்டு, அங்கிருந்து சம தூரத்தில் மேலும் மூன்று கோடுகள் இடுங்கள். ஒவ்வொரு கோட்டிலும் இடப்புறம், நடு, வலப்புறம் என மூன்று இடங்களில் பட்டன்களுக்கு இடையேயுள்ள பள்ளத்தின் ஆழத்தை அளந்து, ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். இவ்வாறு கிடைக்கும் 12 எண்களே நமக்குச் சாட்சிகள்.

நான்கு கோடுகளிலும் நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால், காற்று மிகுந்திருக்கலாம். அல்லது வண்டி நேரான நெடுஞ்சாலையிலேயே மிகுதியாக ஓடியிருக்கலாம். இரு ஓரங்களும் தேய்ந்து நடு உயர்ந்திருந்தால், காற்று குறைவு என்று ஐயுறலாம். ஓரிடத்தில் மட்டும் தட்டையாக இருந்தால், பிரேக்கை இறுகப் பிடித்துச் சக்கரம் சுழலாமல் இழுபட்டதன் அடையாளமாக இருக்கலாம். விட்டுவிட்டுக் குழி குழியாக இருந்தால், அது சக்கரம் துள்ளித் துள்ளி ஓடியதன் அறிகுறி.

சுற்றிலும் ஒரே சீராக ஒருபுறம் மட்டும் சற்றே தேய்ந்திருந்தால் என்ன பொருள்? இங்கே நாம் அவசரப்படலாகாது. மழைநீர் வடிவதற்காகச் சாலையின் நடுவை உயர்த்தி, ஓரங்களைத் தாழ்த்தி அமைக்கிறார்கள். நம் நாட்டில் நாம் இடப்புறமாகச் செல்கிறோம். நம் காலடியில் தரை இடப்பக்கம் சரிந்திருக்கிறது. வண்டியோ நிமிர்ந்தே ஓடுகிறது. ஆதலின் டயரின் வலப்பக்கம் தரையில் சற்று மிகுதியாகப் படுகிறது. மேலும், நாற்சந்தியில் இடப்புறம் திரும்பும் வளைவு குறுகியது. வலப்புறம் திரும்பும் வளைவு நீண்டது. இக்காரணங்களால் வலப்புறம் கொஞ்சம் கூடுதலாகத் தேய்வது இயல்பே. வலப்புறமாகச் செல்லும் நாடுகளில் இதே தேய்வு இடப்புறத்தில் காணப்படும். எல்லாத் தேய்வும் நோயன்று என்பதை மனத்திற் கொள்ளுங்கள். வேறுபாடு மிகுதியாக இருந்தால் மட்டும், முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றனவா என்று நூல் பிடித்துப் பார்த்தல் வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரி மாணவர் தம் வண்டியை என்னிடம் காட்டினார். முன் டயரின் ஓரங்களில் குழி குழியாகத் தேய்வு. அதற்கு முந்திய டயரும் அவ்வாறே தேய்ந்ததாம். டயரின் தரம் சரியில்லை என்று யாரோ சொல்ல, அவர் சிரமப்பட்டுச் சேர்த்த பணத்தில் புதிய டயர் வாங்கியிருந்தார். அதற்கும் அதே கதி. இரண்டு டயர்கள் ஒரே வகையில் தேய்ந்தால், குற்றவாளி டயர் அன்று என்பது தெளிவல்லவா?

செலவில்லாத சோதனையிலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றாகப் பார்த்தோம். வண்டி ஓடிச் சூடேறுவதற்கு முன்பே காற்றழுத்தத்தை அளந்தோம். கையேட்டில் கண்டபடியே இருந்தது. டயரின் பக்கவாட்டிலுள்ள அம்புக்குறி சுழலும் திசையையே காட்டியது. வண்டியைப் பெரிய ஸ்டாண்டில் நிறுத்தி, முன்சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றினோம், ரிம்மில் கோட்டமில்லை. டயரை மேலும் கீழும் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தோம். ஆட்டமில்லை, எனவே சக்கரத்தின் பேரிங் நன்று. போர்க்கின் அடிப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்தோம். தட்டும் ஓசை எழவில்லை, எனவே கோன்செட் தளரவில்லை. இறுதியாக வண்டியைத் தரையில் இறக்கி, முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு கைப்பிடியை அழுத்தி விட்டோம். ஒருமுறை எழுந்து அமைதியாக நிற்கவேண்டிய முன்பகுதி மூன்று முறை துள்ளிற்று. துடைத்துப் பார்த்தால், போர்க்கின் ஒரு குழாயில் எண்ணெய்க் கசிவு!

சீல் கெட்டு எண்ணெய் குறைந்திருந்தது. குழாய்க்குள் சிறு துளைகளின் வழியே நெருங்கிச் செல்லும் எண்ணெய்தான் வில்லின் துள்ளலை அடக்குவது. அது குறைந்ததால் ஒவ்வொரு மேடு பள்ளத்திற்கும் சக்கரம் துள்ளித் தரையை அறைந்தது; அறைபட்ட இடங்கள் குழிகளாயின. சீல்களை மாற்றிப் புதிய எண்ணெய் ஊற்றியதும் துள்ளல் நின்றது. அதற்குப் பின்னரே டயரை மாற்றினார். அடுத்த டயர் சீராகத் தேய்ந்தது.

இதில் இரண்டு செய்திகள் உள்ளன. காரணத்தை நீக்காமல் டயரை மாற்றினால், புதிய டயரும் பழைய வழியிலேயே போகும். மற்றொன்று, காரணத்தை நீக்கிய பிறகும் குழி விழுந்த பழைய டயர் அதிர்ந்துகொண்டேதான் ஓடும். விழுந்த குழி தானே நிரம்பாது. அந்த அதிர்வைக் கண்டு, செய்த வேலை பயனற்றது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். டயரைத் திருப்பி மாட்டினால் மறுபுறமும் சமமாகத் தேயும் என்று சிலர் கூறுவர். அம்புக்குறி உள்ள டயரில் அதனைச் செய்யலாகாது.

பள்ளங்களின் அடியில் சிறு மேடுகள் இருப்பதைக் காண்பீர்கள். பட்டன் தேய்ந்து எந்த இடத்திலேனும் அம்மேட்டின் மட்டத்திற்கு வந்துவிட்டால், மற்ற இடங்கள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் டயரின் ஆயுள் முடிந்தது. மழை நாளில் நீரை ஒதுக்கித் தள்ளுவதற்கு அங்கே போதிய பள்ளமில்லை.

உங்கள் வீட்டில் வண்டி இருக்குமானால், வருகிற விடுமுறை நாளில் அரைமணி நேரம் ஒதுக்கி அந்த 12 எண்களை எழுதுங்கள். 1,000 கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் அளந்து இரண்டையும் ஒப்பிடுங்கள். எந்த எண் மற்றவற்றைவிட விரைந்து குறைந்திருக்கிறதோ, அங்கிருந்து உங்கள் தேடலைத் தொடங்கலாம்.