வங்கி பேர் மாறினா நம்ம பணம்?



2020 ஏப்ரல் 1-ல் அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடயும், சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடயும் சேர்ந்தது. கணக்கு வச்சிருக்கவங்களைக் கேட்டு யாரும் சேர்க்கல. ஆனா அலைச்சல் அவங்களுக்குத்தான். சிண்டிகேட் வங்கியின் பழைய ஐஎப்எஸ்சி எண் 2021 ஜூன் 30 வரைதான் செல்லும்னு அறிவிச்சாங்க.

கடன் அட்டைக்காரங்களுக்கும் இதே கதை. 2023 மார்ச் 1-ல் சிட்டி வங்கி அட்டைகள் ஆக்சிஸ் வங்கிக்குப் போச்சு. சேர்த்து வச்ச பரிசுப் புள்ளி என்னாகுமோன்னு அவங்களுக்குக் கவலை. நமக்கோ வாராவாரம் வாயைக் கட்டி, வயித்தைக் கட்டிச் சேர்த்த சேமிப்பு.

அதனால வங்கி மாறுதுன்னு கேள்விப்பட்டதும் பாஸ்புக்கில் வரவு செலவு பதிஞ்சு வாங்குங்க. இருப்பு எவ்வளவுன்னு தீர்மானப் புத்தகத்தில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்க. புது செக் புக் கேளுங்க. பழைய எண் கொடுத்த இடத்திலெல்லாம் புது எண்ணைக் கொடுங்க. "வங்கி மாறிடுச்சு, ஓடிபி சொல்லுங்க"ன்னு போன் வந்தா சொல்லவே கூடாது.

குறை இருந்தா வங்கியில் எழுதிக் கொடுத்து, ரசீது வாங்குங்க. 30 நாளாகியும் பதில் இல்லையா? ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது. விவரம் கேட்க 14448.

பேர் மாறட்டும், நம்ம காசு ஒரு ரூபா குறையக் கூடாது.