கட்சி மாறும், கம்பன் இருப்பான்

(மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



‘நூலும் பக்தியும் அரசியலும்’ என்று எனக்குத் தலைப்புத் தந்திருக்கிறார்கள். மூன்றும் ஒரே மேடையில் மோதிய ஒரு வழக்கைச் சொல்கிறேன்.

1943-ஆம் ஆண்டு. கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் கொளுத்த வேண்டும் என்று சுயமரியாதை இயக்கத்தார் முழங்கிய காலம். சென்னைச் சட்டக் கல்லூரியில் கொளுத்தத்தான் வேண்டும் என்று அறிஞர் அண்ணா வாதாடினார். கூடாது என்று ரா. பி. சேதுப்பிள்ளை வாதாடினார். அடுத்து சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியார் அண்ணாவை எதிர்த்து நின்றார். அந்தச் சொற்போர் ‘தீ பரவட்டும்’ என்று நூலாகவும் வந்தது. கம்பன் ஆரியக் கருத்தைப் புகுத்தினான், தமிழனைத் தாழ்த்தினான் என்பது குற்றச்சாட்டு. சாதி இழிவால் நொந்தவர்களின் கோபத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அந்தக் கோபத்துக்கு மருந்து நெருப்பா?

1967-இல் அண்ணா முதலமைச்சரானார். 1968 ஜனவரியில் சென்னையில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு. மெரினாக் கடற்கரையில் வள்ளுவர், இளங்கோ, ஔவையாரோடு கம்பனுக்கும் சிலை எழுந்தது! கேலிக்காக இதைச் சொல்லவில்லை. நாடாளும் பொறுப்பில் கம்பனுக்கு இடம் தந்தது அண்ணாவுக்குப் பெருமையே. ஆனால் 1943-இல் ஊர் ஊராக ஏடுகள் எரிந்திருந்தால், சிலையைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படிக்க என்ன இருந்திருக்கும்?

காரைக்குடியில் 1939-இல் கம்பன் கழகம் கண்ட சா. கணேசன் காங்கிரஸ்காரர், பின்னர் சுதந்திராக் கட்சிக்குப் போனவர். பொதுவுடைமைத் தலைவர் ஜீவானந்தமும் கம்பனைப் போற்றிப் பேசினார். சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த மு. மு. இஸ்மாயில் கம்பனைப் பற்றி நூல்களே எழுதினார். அவரவர் கொள்கையும் மதமும் அவரவரிடமே இருந்தன. நூல் எல்லாருக்கும் பொதுவாக இருந்தது.

இந்தத் தீவில் நாம் நூலின் விலையை அறிந்தவர்கள். 1933-இல் செல்லுலார் சிறையில் அரசியல் கைதிகள் உண்ணாவிரதம் இருந்தார்கள்; மூவர் மாண்டார்கள். நல்ல சோற்றோடு அவர்கள் கேட்டது விளக்கும் படிப்பதற்குப் புத்தகமும்!

இன்று நம் பிள்ளைகளுக்குக் கடைத்தெருவில் இந்தி, ஆபீசில் இந்தி. பிழைப்புக்கு அது வேண்டும், குறை சொல்லவில்லை. ஆனால் நூலைக் கொல்ல நெருப்பு வேண்டியதில்லை. ஒரு தலைமுறை படிக்காமல் விட்டாலே போதும்.

ஆகவே இரண்டு வேண்டுகோள்.

ஒன்று: ஞாயிறு மாலை விளக்கேற்றியதும் வீட்டில் அரை மணி நேரம் வாய்விட்டுப் படியுங்கள். கம்பனோ தேவாரமோ, உமறுப்புலவரின் சீறாப்புராணமோ, வீரமாமுனிவரின் தேம்பாவணியோ, உங்கள் வழிபாட்டுக்கு உரியதைப் படியுங்கள். எழுத்தறியாத பாட்டி கேட்கட்டும், பேரன் படிக்கட்டும். பொருள் சொல்லப் பாட்டிக்குத் தெரியும்.

இரண்டு: நம் சங்க அலமாரியில் பெரியபுராணமும் இருக்கட்டும், பெரியார் நூலும் இருக்கட்டும். மூலத்தைப் படித்த பிள்ளை எந்த வாதத்துக்கும் அஞ்சமாட்டான். நிர்வாகம் மாறும்போது நாற்காலிகள் மாறலாம்; ஒரு புத்தகமும் வெளியேறக் கூடாது.