ஸ்கை தீவுக்குப் போன குழலிசைக் குழு



குடியரசு தினத்தன்று தில்லியில் நடைபெறும் அணிவகுப்பைப் பார்த்தவர்கள், இடக்கையின் இடுக்கில் ஒரு பையை அணைத்து, தோளின்மீது மூன்று நீண்ட குழல்களைச் சாய்த்துக்கொண்டு, வரிசை கலையாமல் வாசித்துச் செல்லும் நமது படைப்பிரிவு வாத்தியக்காரர்களை மறந்திருக்க மாட்டார்கள். ஆங்கிலேயர் காலத்து ஸ்காட்லாந்துப் படைகளோடு இந்நாட்டுக்கு வந்து இங்கேயே வேர்விட்டுவிட்ட அந்த வாத்தியத்துக்குப் பேக்பைப் என்று பெயர். அதன் ஒலியைக் கேட்டவுடன் யுத்தமும் கொடியும் அணிநடையும் நினைவுக்கு வருவது இயல்பே. ஆனால் அந்த ஆரவாரத்துக்கு அடியில், பல மனிதர்களின் பொறுமையால் ஒன்றுசேர்க்கப்பட்ட ஒரே சுருதி ஓடிக்கொண்டிருக்கிறது என்பதும், அந்தச் சுருதியைச் சேர்ப்பதே அவ்வித்தையில் பாதிக்கு மேல் என்பதும், ஒலிப்பதிவையே தொழிலாகக் கொண்ட எனக்கு, ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையை அடுத்த ஸ்கை தீவுக்கு ஒரு குழலிசைக் குழுவினரோடு போய்வந்த பிறகுதான் பிரத்தியட்சமாயின.

குழு கிளாஸ்கோ நகரத்தைச் சேர்ந்தது. சம்பளத்துக்கு வாசிப்பவர்கள் அல்லர். பள்ளி ஆசிரியர், பஸ் ஓட்டுநர், ஆஸ்பத்திரித் தாதி, கல்லூரி மாணவர்கள் என்று பலதரப்பட்டவர்கள், வேலை முடிந்த மாலைகளில் கூடி அப்பியாசம் செய்கிறவர்கள். குழலூதுவோர் பதினைந்து பேர். முரசு வாசிப்போர் தனி. தலைமை வகிப்பவரைப் பைப் மேஜர் என்பார்கள். இத்தகைய கூட்டு வாசிப்பு, நேயர்கள் எண்ணக்கூடிய அளவுக்குப் பழமையானது அன்று. ஸ்காட்லாந்தின் மலைநாடான ஹைலண்டுப் பகுதியின் படைப்பிரிவுகளில் குழலர்களை வைத்துக்கொள்ள அரசாங்கம் முறையாக அனுமதி அளித்தது 1854-ல். அக்காலத்தில் கிளாஸ்கோவை ஒட்டியிருந்த கோவன் பகுதியின் போலீஸ் குழு தோன்றியது 1883-ல். அதற்கு முன் நூற்றாண்டுக் கணக்கில் பேக்பைப் என்பது தனி மனிதனின் வாத்தியம்; குலத் தலைவனின் மண்டபத்திலும் போர்க்களத்திலும் மரண வீட்டிலும் ஒருவன் தனியே நின்று வாசித்தது. அந்தத் தனி வாசிப்புக்குத் தாய்வீடு ஸ்கை தீவு. ஆகவே, நகரத்தில் பிறந்த கூட்டு வித்தை, தனி வித்தை பிறந்த வீட்டுக்கு இரண்டு நாள் விருந்தாகப் போன கதை இது.

வெள்ளிக்கிழமை பிற்பகலில் பஸ்ஸில் புறப்பட்டோம். லோமண்ட் ஏரிக்கரை, மரமற்ற ரானக் சதுப்புவெளி, கிளென்கோ பள்ளத்தாக்கு, பென் நெவிஸ் மலையடிவாரம் என்று சுமார் 240 கிலோமீட்டர் வடமேற்கே சென்றால் மாலெய்க் துறைமுகம். அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள் கப்பல் ஸ்கை தீவின் தென்முனையில் உள்ள ஆர்மடேல் துறையில் சேர்த்துவிடும். 1995-ல் திறக்கப்பட்ட பாலம் வேறொரு பக்கம் இருந்தாலும், தீவுக்குக் கடல்வழியே செல்வதுதான் மரியாதை என்று பைப் மேஜர் தீர்மானித்துவிட்டார். வழி முழுவதும் இளைஞர்கள், பையும் தோள்குழல்களும் இல்லாத சிறு பயிற்சிக் குழலில் விரல் பழகிக்கொண்டே வந்தார்கள். மலைகளின் அழகைப் பற்றியும் தீவில் உள்ள கூலின் என்னும் சிகரங்களின்மீது விழுந்த மாலை ஒளியைப் பற்றியும் சொல்லத் தொடங்கினால் எனக்கு அளிக்கப்பட்ட நேரம் அதிலேயே தீர்ந்துவிடும்; ஆகவே சனிக்கிழமைக்கு வந்துவிடுகிறேன்.

தீவின் தலைநகர் போர்ட்ரீ. அதன் நடுவே சோமர்லெட் சதுக்கம். அங்கேதான் மாலையில் வாசிப்பு. ஆனால் பிற்பகலிலேயே ஊருக்கு ஒதுக்குப்புறமான ஒரு மைதானத்தில் குழலர்கள் வட்டமாக, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நின்றுவிட்டார்கள். நேயர்களே, இந்த இடத்தில் சற்று நிதானிக்க அனுமதி வேண்டுகிறேன்.

வாத்தியத்தின் அமைப்பைச் சொன்னால்தான் அவர்கள் பட்ட சிரமம் விளங்கும். விரல் வைத்து வாசிக்கும் குழல் ஒன்று. அதற்குச் சான்ட்டர் என்று பெயர். அதில் எழும் ஸ்வரங்கள் ஒன்பதே. தோளின்மீது கிடக்கும் மற்ற மூன்றும் ஒத்துக் குழல்கள். அவற்றில் இரண்டு, சான்ட்டரின் ஆதார ஸ்வரத்துக்கு ஒரு ஸ்தாயி கீழேயும், நீளமான மூன்றாவது இரண்டு ஸ்தாயி கீழேயும், இடைவிடாமல் ஒரே ஸ்வரத்தை ஒலித்துக்கொண்டிருக்கும். இக்காலக் குழுக்களில் அந்த ஆதார ஸ்வரத்தின் அதிர்வு விநாடிக்குச் சுமார் 480. ஆகவே சிறிய ஒத்துகள் 240, பெரிய ஒத்து 120. வாயால் ஊதப்படும் காற்று பையில் தங்கி, கையின் அழுத்தத்தால் குழல்களுக்குள் செல்வதால், வாசிப்பவன் மூச்சு வாங்கும் வேளையிலும் ஒலி நிற்பதில்லை. நிற்காதது மட்டுமன்று, ஒலியைப் பெரிதாக்கவும் முடியாது, சிறிதாக்கவும் முடியாது. ஒரே ஸ்வரத்தை இரு முறை வாசிக்க வேண்டுமானால் இடையில் மின்னல் வேகத்தில் வேறொரு ஸ்வரத்தைத் தொட்டுத்தான் பிரிக்க வேண்டும். மௌனமும் மென்மையும் மறுக்கப்பட்ட வாத்தியத்துக்கு எஞ்சியிருக்கும் பெரும் செல்வம் சுருதிச் சுத்தம் ஒன்றே.

பதினைந்து பேர் என்றால் பதினைந்து சான்ட்டர்கள், நாற்பத்தைந்து ஒத்துக் குழல்கள். இத்தனையிலும் ஒலியை எழுப்பும் நாக்குகள் மூச்சின் ஈரத்தாலும் காற்றின் குளிராலும் கணத்துக்குக் கணம் மாறுகிறவை. வாத்தியம் சூடேறச் சூடேறச் சுருதி உயரும். மேகம் மறைத்து ஈரக்காற்று வீசினால் இறங்கும். அட்லாண்டிக் சமுத்திரத்தின் விளிம்பில் கிடக்கும் அத்தீவிலோ, ஒரு மணி நேரத்துக்குள் வெயிலும் தூறலும் மாறி மாறி வரும். பைப் மேஜர் வட்டத்துக்குள் நடந்தார். ஒவ்வொருவர் எதிரிலும் நின்று, தலையைச் சாய்த்துக் கேட்டு, ஒரு ஸ்வரம் மட்டும் மிஞ்சி நின்றால் அந்தத் துளையின் மேல்விளிம்பில் சிறு ஒட்டுநாடாவை வைத்துக் குறைத்தார். சான்ட்டர் முழுவதுமே தணிந்திருந்தால் நாக்கைச் சற்று உள்ளே அழுத்தினார். அவருக்குப் பின்னே வந்த உதவியாளர், ஒத்துக் குழல்களின் பொருத்துகளை மயிரிழை அளவு ஏற்றி இறக்கினார். நீளம் கூடினால் சுருதி தாழும், குறைந்தால் ஏறும். ஒரு ஒத்து 240-லும் அடுத்தது 242-லும் நின்றால், இரண்டும் கலந்த ஒலி விநாடிக்கு இரு முறை பொங்கித் தணிவது காதில் தெளிவாகப் படும். அவர்கள் கேட்பதெல்லாம் அந்தப் பொங்கலைத்தான். அது மெதுவாகி, மேலும் மெதுவாகி, ஒரு கணத்தில் முற்றிலும் நின்றுபோகும்போது, இரு குழல்களின் ஒலி ஒரே ஒலியாகி, அதுவரை இல்லாத மேல் ஸ்வரங்கள் தலைக்கு மேலே எங்கிருந்தோ கேட்கத் தொடங்குகின்றன. ஐந்தாறு நிமிஷ வாசிப்புக்காக ஒரு மணி நேரத்துக்கு மேல் இந்த வேலை நடந்தது. ஒருவர் முகத்திலும் சலிப்பைக் காணவில்லை.

என் ஒலிவாங்கியை எங்கே வைப்பது என்று கேட்டேன். "வட்டத்துக்கு வெளியே வைத்தால் பாட்டு கிடைக்கும்; நடுவே வைத்தால் நாங்கள் கேட்பது கிடைக்கும்" என்றார் பைப் மேஜர். நடுவே வைத்துக் காதில் கருவியை மாட்டிக்கொண்டபோது, பல வருஷங்களுக்கு முன் தஞ்சாவூர்ச் சீமைக் கோயில் ஒன்றில் நாகஸ்வரம் பதிவு செய்யப் போனது நினைவுக்கு வந்தது. அங்கே வித்வானுக்கு அருகில் ஒரு முதியவர் ஒத்து வாசித்தார். நேயர்களில் பலர் அந்தக் குழலைக் கண்ணாலும் பார்த்திருக்க மாட்டீர்கள். விரல் வைக்கும் துளை அதில் இல்லை. அடிப்பாகத்தில் உள்ள சில துளைகளை மெழுகால் அடைத்துச் சுருதி கூட்டுவார்கள். பை கிடையாது; கன்னத்தில் காற்றைத் தேக்கி, மூக்கால் மூச்சு வாங்கிக்கொண்டே, மணிக்கணக்கில் ஒலி அறுபடாமல் ஊத வேண்டும். ஒத்தின் ஒலியைப் பதிவில் சற்றுத் தணித்துக்கொள்ளலாமா என்று வித்வானிடம் கேட்டேன். "ஒத்தைத் தணிச்சுட்டா நான் எங்கே நின்னு வாசிக்கிறது, தம்பி?" என்றார் அவர். அந்தச் சொல்லின் முழுப் பொருளும் போர்ட்ரீ மைதானத்தின் நடுவே, நாற்பத்தைந்து ஒத்துக் குழல்களுக்கு இடையே நின்றபோதுதான் எனக்குள் இறங்கியது. நாகஸ்வரச் சீவாளியின் நாணலும் சான்ட்டர் நாக்கின் நாணலும் வெவ்வேறு ஆற்றங்கரைகளில் விளைந்தவை. அவற்றை வணங்கி வாசிக்கும் மனிதர்களின் தவிப்பு ஒன்றாகவே இருக்கிறது.

மாலை வாசிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். காற்று அடங்கியிருந்தது. அத்தீவில் காற்று அடங்கினால் மிட்ஜ் என்னும் கண்ணுக்கும் அரிதான பூச்சிகள் திரள்திரளாகக் கிளம்பிக் கடிக்கும். இரண்டு கைகளும் குழலில் இருக்க, ஒரு குழலர்கூட முகத்தைத் துடைக்கவில்லை. ஸ்வரம் தவறவும் இல்லை. சதுக்கத்தில் நின்ற தீவுவாசிகள் தாளம் தட்டுவதைவிட, தலையைச் சாய்த்துக் கேட்பதிலேயே ஈடுபட்டிருந்தார்கள். அவர்களுடைய காது பரம்பரைக் காது. போர்ட்ரீ விரிகுடாவுக்கு வெளியே தெரிகிற ராசே தீவில் பிறந்த ஆங்கஸ் மக்கே என்பவர்தாம், 1838-ல் பழைய குழலிசை உருப்படிகளை ஐரோப்பிய ஸ்வரக் குறியீட்டில் அச்சிட்டவர். 1843-ல் விக்டோரியா மகாராணியின் முதல் குழலராக அமர்ந்தவரும் அவரே.

அந்த உருப்படிகளுக்குப் பீப்ராக் என்று பெயர். ஊர்லார் எனப்படும் மூல மெட்டை முதலில் நிதானமாக வாசித்து, பிறகு அதனையே படிப்படியாக விரல் ஜாலங்களால் விரித்துச் சென்று, முடிவில் மீண்டும் மூல மெட்டுக்கே திரும்பும் நெடிய இசை அது. ஸ்கை தீவின் மேற்கே டன்வேகன் கோட்டையில் வாழ்ந்த மக்லவுட் தலைவர்களுக்குப் பரம்பரைக் குழலர்களாக இருந்த மக்ரிம்மன் குடும்பத்தார், கோட்டைக்கு எதிர்க்கரையில் போரரேய்க் என்னும் இடத்தில் குருகுலம் நடத்தி, தூர இடங்களிலிருந்தும் வந்த சிஷ்யர்களுக்கு அதைக் கற்பித்தார்கள். பாட்ரிக் மோர் மக்ரிம்மன், தம் எட்டுப் புதல்வர்களில் எழுவரை ஒரே வருஷத்தில் இழந்தபின் இயற்றியதாக மரபு கூறும் புலம்பல் இசையைக் கேட்டு, அன்று முழுவதும் நான் வேறெதையும் கேட்க விரும்பாதிருந்ததுண்டு. அக்குடும்பத்தின் டானல்ட் பான் என்பவர் 1746 பிப்ரவரியில் அரசாங்கப் படையோடு இன்வர்னெஸ்ஸுக்கு அருகிலுள்ள மோய் என்னும் இடத்துக்குப் போனார். இருளில் எதிர்த்தரப்புக் கொல்லர் ஒருவரும் அவரோடு இருந்த சிலரும் பெரும் சேனைபோல் கூவிச் சுட்டுப் படையைக் கலைத்தபோது டானல்ட் பான் குண்டுபட்டு இறந்தார். தாம் திரும்பி வரப்போவதில்லை என்பதை முன்பே அறிந்து இசைத்தார் என்று தீவில் இன்றும் சொல்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் போரரேய்க்குக்குப் போனோம். ஞாயிறன்று வழிபாட்டைத் தவிர வேறு ஆரவாரம் கூடாது என்று கருதும் குடும்பங்கள் அத்தீவில் உண்டு; அவர்களுக்கு மரியாதையாகக் குழற்பெட்டிகளைத் திறப்பதில்லை என்று குழு முடிவு செய்திருந்தது. கடல் நிலத்துக்குள் நீண்டு புகுந்த லோக் டன்வேகனைப் பார்த்த மேட்டில், 1933-ல் மக்ரிம்மன்களின் நினைவாகக் கல்லடுக்கி எழுப்பிய தூண் நிற்கிறது. அதன் பக்கத்தில் நின்று பைப் மேஜர், வாத்தியம் இல்லாமல், வாயாலேயே ஓர் ஊர்லாரைப் பாடத் தொடங்கினார். கான்ட்டரெக் என்பது அம்முறையின் பெயர். ஹிஹாரின், ஹோத்ரோஹோ என்பன போன்ற சொற்கட்டுகள்; உயிரொலி மெட்டின் ஸ்வரத்தையும், மெய்யொலி இடையில் விழும் அலங்கார ஸ்வரங்களையும் குறிக்கும். எழுத்தின் துணையின்றி அத்தனை பெரிய இசைச் செல்வமும் வாயிலிருந்து காதுக்கு இறங்கி வந்தது இவ்வாறுதான். கோலின் காம்பெல் என்பவர் 1797-ல் இச்சொற்கட்டுகளை ஏடாகவே எழுதி வைத்தார்.

குழுவின் மிக இளையவளான ஒரு பெண், அதே உருப்படியை அச்சுப் புத்தகத்தைப் பார்த்துப் பாடம் செய்து வைத்திருந்தாள். அவளைத் திருப்பிப் பாடச் சொன்னார். பாடினாள். மூன்றாவது சொற்கட்டில் நிறுத்தி, "இன்னும் இரு, இப்போதே கிளம்பாதே" என்றார். மறுபடி பாடினாள், மறுபடி நிறுத்தினார். ஒரு ஸ்வரத்தில் எவ்வளவு நேரம் தங்குவது என்பதை அச்சுத் தாள் ஒரு விதமாகவும், வாய்ப்பாடம் வேறு விதமாகவும் சொல்லின. கடைசியில் அவள் சரியான இடத்தில் சரியான அளவு தங்கிவிட்டு நகர்ந்தபோது, முரசுக்காரர்கள் உட்பட அனைவரும் ஒருசேரத் தலையசைத்தார்கள். காற்றின் இரைச்சல் அதிகம்தான்; ஆயினும் என்னிடம் உள்ள பதிவுகளில் அதை யாருக்கும் கொடுக்க மனம் வராது.

நேரம் நெருங்கிவிட்டது. திரும்பி வந்த பிரயாணத்தையும், துறைமுகத்தில் உண்ட மீனையும், முரசு வாசிப்போரின் அற்புதமான கைத்திறனையும் இன்னொரு நாள் பேச வேண்டும். ஆண்டுதோறும் ஆகஸ்ட் மாதத்தில் கிளாஸ்கோ கிரீன் மைதானத்தில் உலகக் குழலிசைப் போட்டி நடக்கிறது. பல தேசங்களின் குழுக்கள் வருகின்றன. கேட்க வாய்த்தவர்கள், வாசிப்பு மேடையைவிட, ஓரத்தில் சுருதி சேர்க்கும் வட்டங்களுக்கு அருகில் போய் நில்லுங்கள். இங்கே இருப்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு: ஒத்து வாசிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவர் உங்கள் ஊரில் இன்னும் இருப்பாரானால், வரும் திருவிழாவில் சுருதிப்பெட்டியை ஒரு நாளைக்கு மூடி வைத்துவிட்டு அவரை அழைத்து உட்காரவையுங்கள், பக்கத்தில் ஒரு சிறுவனையும் உட்காரவையுங்கள். தகவல் அனுப்பினால், ஒலிப்பதிவுக் கருவியோடு நானும் வந்து சேர்கிறேன்.