வாசலில் கேட்க வேண்டிய கேள்வி



நான் வேலை பார்ப்பது ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பக்கம். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயும், 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசானும் கார் தயாரிக்கத் தொடங்கின. உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலைகள் நிறைந்த வட்டாரம் அது. எல்லாப் பாகத்தையும் ஒவ்வொன்றாகச் சோதிக்க நேரம் ஏது? ஒரு லாட்டில் 50 எடுத்துப் பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். பழுது ஒன்றுமில்லை என்றால் லாட் பாஸ்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. நூற்றுக்கு இரண்டு பழுது என்றால் நிகழ்தகவு 0.02. எடுத்த ஐம்பதும் நன்றாக இருக்கும் வாய்ப்பு, 0.98-ஐ 50 முறை பெருக்கினால் வரும்: சுமார் 0.36. அதாவது, அப்படிப்பட்ட லாட்டுகளில் மூன்றில் ஒன்றுக்கு மேல் நம் கண்ணில் படாமலே போய்விடும்.

0.02-க்குப் பதில் ஒருவர் 2 என்று தட்டிவிட்டால்? 1-இல் 2 போனால் மைனஸ் 1. அதை 50 முறை பெருக்கினால் பிளஸ் 1. "பழுதே கிடைக்காது, நூற்றுக்கு நூறு நிச்சயம்" என்கிறது கம்ப்யூட்டர்! விடை 1-ஐத் தாண்டவில்லை. யாருக்கும் சந்தேகம் வராது. எக்செலில் இருக்கும் பைனாமியல் ஃபார்முலா 2-ஐ ஏற்காமல் பிழை காட்டும். நாமே எழுதும் ஃபார்முலாவுக்கு அந்தக் காவல் கிடையாது. கேட் பாஸை வாசலில்தானே பார்க்கிறோம்? எண்ணையும் அங்கேயே பார்க்க வேண்டும்.

எப்படிக் கேட்பது என்பதும் முக்கியம். "0-க்குக் குறைவா? 1-க்கு மேலா?" என்று கேட்டால், 'நேன்' எனப்படும் 'எண் அல்லாத' மதிப்பு இரண்டுக்கும் "இல்லை" சொல்லி உள்ளே நுழைந்துவிடும். 1985இல் வந்த ஐஇஇஇ 754 தரவிதி அப்படி. "0 முதல் 1 வரைக்குள் இருக்கிறதா?" என்று கேளுங்கள், மாட்டிக்கொள்ளும்.

அதுவும் போதாது. அரை சதவீதம் என்று நினைத்து 0.5 போட்டால் தடையே இல்லை. கணக்கில் அது பாதிக்குப் பாதி! புரோகிராமுக்கு இது தெரியாது, மனிதருக்குத் தெரியும். ஆகவே "ஆயிரத்துக்கு 500 பழுது, சரிதானா?" என்று திரை திருப்பிக் கேட்கட்டும். லைனில் நிற்பவர் உடனே சிரித்துவிடுவார், திருத்தியும்விடுவார்.

தம்பி தங்கைகளே, உங்கள் புரோகிராமில் இது இரண்டே வரி. ஆனால் தப்பிப் போகும் பாகம் ஒரு காரின் பிரேக்கில் போய் உட்காரலாம். அந்தக் காரில் போவது நம் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம்.